சுண்ணாம்புக் கோட்டுக்கு நாலடி தள்ளி

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது எப்படி உடைந்தது என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. லாரி ஊரான சங்ககிரியில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறவளுக்கு வேலைப் பஞ்சம் கிடையாது. நான் பார்த்த டிரைவர்களில் எத்தனையோ பேர் வாயைத் திறந்ததும் சொன்ன வாக்கியம் ஒன்றேதான்: "பிரேக் புடிக்கலைங்க." தூங்கிப் போனவனும் அதைத்தான் சொல்வான், போனில் பேசிக்கொண்டு வந்தவனும் அதைத்தான் சொல்வான். பிரேக்குக்கு வாய் இல்லை, அதனால் எல்லாப் பழியும் அதன் தலையில். நான் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பேன், பெடலை அமுக்கிப் பார்ப்பேன், பிறகு நிமிர்ந்து ஆளின் முகத்தைப் பார்ப்பேன். அந்த மூன்றாவது பார்வையில்தான் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். ஈவிரக்கம் இல்லாதவள் என்று லாரி லைனில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சரியான பெயர்தான்.

அந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டு வாசலில், என் அப்பா வாயிலிருந்து.

அப்பா இருபது வருடம் லாரி ஓட்டியவர். பிறகு நாமக்கல்லுக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்திலேயே முட்டைக்கோழிப் பண்ணை போட்டு உட்கார்ந்துவிட்டார். லாரியை விற்றுவிட்டு வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். கோழிக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில்தான் அது நிற்கும். கோழி எருவின் காட்டம் கண்ணை மட்டும் எரிப்பதில்லை, இரும்பையும் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எரு ஊறி, மார்கழிப் பனியில் அந்தக் காட்டம் மேலே போகாமல் தரையோடு நிற்கும்போது புது ஆணிகூடச் சீக்கிரம் சிவந்துவிடும். எங்கள் பக்கத்துக் குளிர்காலம் அவ்வளவுதான், வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த மூன்று மாதம் ஓடாமல் நின்ற காரை, பிரேக் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது. அதனால் பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் பிரேக் பார்க்கும் நாள்.

அப்பா வேறு மெக்கானிக்கை உள்ளே விட மாட்டார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பின்பக்க டிரம்மைத் தட்டி எடுப்பார். உள்ளிருந்து துரு மிளகாய்த்தூள் மாதிரி கொட்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார், பழைய பிரேக் ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுவார். கடைசியாகக் குழாய்களில் நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அந்த ஆள் அம்மா. அம்மா வாழ்க்கையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

"மிதி" என்பார் அப்பா, சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு. "மிதி. மிதி. புடிச்சுக்கோ."

அவர் நட்டைத் திறந்து, காற்றை வெளியே விட்டு, மூடி, "உடு" என்று சொல்லும்வரை அம்மா பெடலை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். முன்னாலேயே காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஸ்பேனரால் கதவில் ஓங்கி ஒன்று போடுவார். சில சமயம் நட்டை மூடிய பிறகும் "உடு" சொல்ல மாட்டார். அடியிலிருந்து வெளியே வந்து, ஒரு பீடியைப் பற்ற வைத்து, பாதி இழுத்து முடிக்கிற வரைக்கும் அம்மாவின் கால் பெடல் மேல் நடுங்கிக்கொண்டிருக்கும். "உட்டுட்டியா?" என்று கேட்பார். "இல்லீங்க" என்பாள் அம்மா. அவருக்கு அது தமாஷ்.

பிறகு சோதனை. கேட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் நேர் வழி. எரு மேல் தூவ வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூளை ஒரு கை அள்ளி, வழிக்குக் குறுக்கே கோடு போடுவார். கோட்டுக்கு நாலடி தள்ளி அம்மா நிற்க வேண்டும். அவர் கேட்டிலிருந்து காரை வேகமாக எடுத்து வந்து கோட்டில் பிரேக் அடிப்பார். "ஆளு நின்னாத்தான் காலுக்குப் புத்தி வரும். பிரேக் வேலை முடிஞ்சா ஊட்டு ஆளு முன்னால நிக்கோணும். லைன் வழக்கம் இது" என்பார். லாரி இருந்தபோது அம்மா லாரிக்கு முன்னால் நின்றாள், கார் வந்ததும் காருக்கு முன்னால். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். கண்ணை மூடக் கூடாது. மூடினால், "என்ற வேலை மேல நம்பிக்கை இல்லியா?" என்று அதற்கு ஒரு வாரம் சண்டை. நான் கொட்டகையின் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் காலேஜில் கடைசி வருடம் படித்தபோது நடந்தது இது. அந்த ஞாயிறு காலை முட்டை ஏற்ற லாரி வந்திருந்தது. அப்பா லாரிக்காரர்களோடு உட்கார்ந்து, ஒரு காலத்தில் பிரேக் போன வண்டியை மலை ரோட்டில் கியரிலேயே இறக்கிக்கொண்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டீ கொண்டு வந்த அம்மா என்ன நினைப்பில் இருந்தாளோ, "அது நீங்க ஓட்டலீங்களே, கூட வந்த டிரைவரு ஓட்டுனதுதானே" என்றுவிட்டாள். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

லாரி போன பிறகு, சோதனை. அம்மா நின்றாள். கார் வந்தது. கோட்டைத் தாண்டி வந்தது. அம்மாவின் இடது முழங்காலில் பம்பர் இடித்து, அவள் முட்டை அட்டைகள் அடுக்கி வைத்திருந்த மூலையில் போய் விழுந்தாள். அதற்கப்புறம்தான் கார் நின்றது. அப்பா இறங்கி, அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "பிரேக் புடிக்கல" என்றார்.

நான் நம்பினேன். இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிற இடம் அது. ஏனென்றால் அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டு, அதே காரில்தான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாதான் ஓட்டினார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் கேட்டுக்கு முன்னால் அழகாக நின்றது. பஸ் ஸ்டாண்டு நெரிசலில் எத்தனையோ முறை நின்றது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்கு ஒரு முழம் விட்டு நின்றது. பிரேக் பிடிக்காத காரில் எவனாவது நெரிசலுக்குள் போவானா என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. மடியில் கிடந்த அம்மாவின் தலையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். டாக்டரிடம் அம்மா, "கொட்டாயில வழுக்கி உழுந்துட்டேனுங்க" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே சொன்னாள்.

முழங்கால் பழையபடி ஆகவில்லை. அடுத்த வருடம் பொங்கல் முடிந்த ஞாயிறு, நொண்டிக்கொண்டே போய்க் கோட்டுக்கு நாலடி தள்ளி நின்றாள். அதற்கப்புறம் எனக்குச் சங்ககிரியில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் ஆனது. அந்த ஞாயிறுகளில் மட்டும் ஊருக்குப் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வேலை என்பேன், காய்ச்சல் என்பேன். அம்மா நிற்பதைப் பார்க்காமல் இருந்தால் அவள் நிற்கவில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அது நான் செய்த கொடுமை.

உண்மை எனக்குத் தெரிந்தது என் வேலையில்தான். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு, விபத்தான லாரியைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் இன்னொரு லாரிக்கு அப்போதுதான் பிரேக் வேலை முடிந்திருந்தது. வேலை செய்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் லாரிக்கு முன்னால் நின்றார். டிரைவரைப் பார்த்து, "வா, வா, பயப்படாம வா" என்று கூப்பிட்டார். லாரி வந்து அவருக்கு நாலடி முன்னால் நின்றது. அவரிடம் போய், "நீங்க எதுக்கு நிக்கறீங்க? ஊட்டு ஆளுதானே நிக்கோணும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னங்கம்மா பேசறீங்க? வேலை பண்ணுனவன்தானே நிக்கோணும். அடுத்தவனை நிறுத்தறதுக்கு எதுக்குங்க வழக்கம்?" என்றார்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அன்றைக்கு எங்கள் கார் இதே இடத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. மீதியெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா?

இந்த வருடம் மழை ஐப்பசியில் பிடித்து மார்கழி வரைக்கும் விடவில்லை. கொட்டகைக்குள் தண்ணீர் வந்து எரு சேறாகிவிட்டது. கார் மூன்று மாதமும் அந்தக் காட்டத்திலேயே நின்றது. தை மாதத்தில் ஜேடர்பாளையத்தில் மாமன் மகளுக்கு, அதாவது அம்மாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். வாய்க்கால் ஓரமாகவே போகும் ரோடு. அப்பா அம்மாவை உட்கார வைத்துத் தானே காரை ஓட்டிக்கொண்டு வருவேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை பாதத்துக்கு இறங்கி, வலது காலில் உணர்ச்சியே கிடையாது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு போய்க்கொண்டிருப்பார். அம்மா எடுத்துக்கொண்டு பின்னால் நொண்டிக்கொண்டு போவாள். வண்டி எடுக்கவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். செருப்பு கழன்றது தெரியாத காலுக்குப் பெடல் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட கால்கள் வாய்க்காலில் இறக்கிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்றும் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். சாவியைக் கேட்டேன்.

"நீ லாரி ஒடஞ்சதைப் பாக்கறவ. நான் லாரி ஓட்டுனவன்" என்றார் அப்பா. "சாவி என்ற இடுப்புல இருந்துதான் எறங்கும், நான் செத்த பொறவு."

அம்மாவை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போய், "நீ அந்தக் கார்ல ஏறாதம்மா" என்றேன்.

"ஏறுன்னா ஏறோணும் கண்ணு. ஏறாம எங்க போறது?" என்றாள். அரிசி களைந்துகொண்டிருந்தாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அப்பாவே பிரேக் வேலையை ஆரம்பித்தார். எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை, கை இன்னும் சுத்தமாகத்தான் வேலை செய்தது. நான் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தேன். ஒரு குற்றமும் இல்லை. அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். ஒரு முறை அவர் "உடு" சொல்லாமல் எழுந்து வந்து பீடியைத் தேடினார். அம்மா பெடலை அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். "உடும்மா" என்று நான் சொன்னேன். அவள் விடவில்லை. அவர் சொன்ன பிறகுதான் விட்டாள்.

அப்பா சுண்ணாம்புக் கோடு போட்டார். யாரும் சொல்லாமலே அம்மா இறங்கி, நொண்டிக்கொண்டு போய், தன் இடத்தில் நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அவருடைய வலது செருப்பு ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலோடு காரை எடுத்து, அவளை நோக்கி வரப் போகிறார்.

செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் காலில் மாட்டினேன். மாட்டிக்கொண்டே சொன்னேன்: "அப்பா, லைன் வழக்கம் நானும் பட்டறையில பாத்துட்டேனுங்க. வேலை பண்ணுனவருதான் நிக்கோணுமாம்."

"எவன் சொன்னான்?"

"நின்னவரே சொன்னாருங்க. நீங்க பண்ணுன வேலை. உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

இதற்கு ஒரே பதில்தான் உண்டு என்று எனக்குத் தெரியும். அவர் சாவியை என் மேல் வீசினார். "ஓட்டு. நீ ஓட்டறதுக்குத்தான் பயப்படோணும், என்ற பிரேக்குக்கு இல்ல" என்று சொல்லிக்கொண்டு போனார். "அக்கட்ட போ புள்ள" என்று அம்மாவை நகர்த்திவிட்டு அவள் நின்ற இடத்தில் நின்றார். கையை மார்பில் கட்டிக்கொண்டார்.

சாவி என் கையில் இருந்தது. நான் வந்த காரியம் அதோடு முடிந்தது. கேட்டைத் திறந்து காரை வெளியே கொண்டுபோய் என் போக்கில் சங்ககிரிக்குப் போயிருக்கலாம். அம்மாவுக்கும் ஆபத்து இருந்திருக்காது, யாருக்கும் இருந்திருக்காது. நான் கேட்டுக்கு முன்னால் காரைத் திருப்பி நிறுத்தினேன். கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார், வெள்ளை வேட்டி, கட்டிய கை. ஓரமாக, முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் அம்மா.

காரை எடுத்தேன். கோட்டில் நிறுத்துவதாகத்தான் நினைத்தேன் என்று வேறு யாரிடமாவது சொல்லலாம். கோடு வந்தது. என் கால் பெடல் மேல்தான் இருந்தது. பெடல் காலுக்கு நன்றாகத் தெரிந்தது. மிதிக்கவில்லை.

கோட்டைத் தாண்டியதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. கட்டிய கை அவிழ்ந்தது, பக்கவாட்டில் பாய்ந்து ஓடினார், இரண்டு எட்டில் கால் மடங்கிக் கீழே கையூன்றி விழுந்தார். நான் மிதித்தேன். மிதித்த இடத்திலேயே கார் நின்றது. அவ்வளவு சுத்தமான பிரேக்கை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அவர் சேற்றில் கிடந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகியபோதும் கொஞ்ச நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. இறங்கிப் பார்த்தேன். அவருடைய வலது செருப்பு அவர் நின்ற இடத்திலேயே கிடந்தது. காரின் பம்பர் அதைத் தாண்டி நின்றிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அந்தச் சந்தோஷம் போனது.

அம்மா மெதுவாக நடந்து வந்தாள். அப்பாவைத் தூக்கப் போகவில்லை. காருக்கு முன்னால் குனிந்து, பம்பருக்கு அடியில் கையை விட்டுச் செருப்பை வெளியே இழுத்தாள். அதை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்து, "இத்தனை வருசம் நின்னனே, ஒரு நாளு ஓடுனனா நானு?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. சந்தேகம் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். செருப்பு கிடந்த இடத்தையும் பம்பரையும் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் டிரைவர்களைப் பார்ப்பேனே, அந்த மூன்றாவது பார்வை.

"பிரேக் புடிக்கலையா சாமி?"

"புடிக்கலைம்மா" என்றேன்.

"சரி" என்றாள் அம்மா. "கை ஒடஞ்ச மாதிரி இருக்குது. ஆசுபத்திரிக்குப் போலாம், வண்டிய எடு. அன்னைக்கும் பிரேக் புடிக்காத கார்லதானே போனோம்."

ஆக, அவளுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. மடியில் படுத்துக்கொண்டு, கார் நின்ற ஒவ்வொரு இடத்தையும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்பாவைப் பின் சீட்டில் ஏற்றினோம். அம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு. நான் ஓட்டினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. காலை வைத்ததும் கார் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. எஞ்சினை அணைத்தேன். ரயில் வர நேரமாகும்போல இருந்தது.

பின்னாலிருந்து அப்பா, "நல்லாத்தான் புடிக்குது" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை.